பட்டியலில் பத்தொன்பதாவது

அலமாரியில் தொங்கிய சட்டைகளை ஒவ்வொன்றாக ஒதுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான் அவன். காலர் உயரமாக இருக்க வேண்டும், கழுத்து வரை பொத்தான் போடக்கூடியதாக இருக்க வேண்டும். காலையில் பிணவறை ஊழியர் போனில் சொன்னது அவ்வளவுதான். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை.

மாமனாரின் சட்டைகள் பெரும்பாலும் அரைக்கை. எல்லாவற்றிலும் மேல் பொத்தான் நூல் விட்டுத் தொங்கியது, அல்லது இல்லவே இல்லை. அத்தை கட்டில் ஓரத்தில் வலது முழங்காலை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளாக அந்தக் காலை மடக்க முடியவில்லை.

"கோடு போட்டது வேண்டாம். யாரோ குடுத்தாங்கன்னு வச்சிருந்தாரு," என்றாள்.

கடைசியில் ஒரு வெள்ளை முழுக்கைச் சட்டை கிடைத்தது. அவன் அதை எடுத்துக் காட்டினான். அவள் வாங்கி, காலரை விரலால் தடவிப் பார்த்தாள்.

"கழுத்துல பட்டன் போட்டா இறுக்குதும்பாரு." சட்டையை மடித்து நீட்டி, "இப்ப என்ன. கொண்டு போங்க," என்றாள்.

செவ்வாய்க்கிழமை நடந்ததை விபத்து என்று சொல்லவே நாக்கு கூசியது. அன்று மதியம் நல்ல மழை. அத்தைக்கு முழங்கால் வைத்தியத்துக்குப் போக வேண்டிய நாள். வாடகை வண்டி ஒன்றும் கிடைக்காமல், நான்கு மாதமாக உறை போட்டு நிறுத்தியிருந்த தன் காரை மாமா எடுத்தார். மருத்துவமனை வாசலில் அவளை இறக்கிவிட்டு, வண்டியை நிறுத்தப் போனார். நடந்து போகிறவன்கூட அதைவிட வேகமாகப் போவான் என்று அங்கே இருந்த காவலாளி போலீஸிடம் சொல்லியிருக்கிறார். ஈரத்தில் பெடலில் கால் வழுக்கியிருக்க வேண்டும். வண்டியின் மூக்கு ஒரு தூணில் இடித்தது. முன்புறத்தில் உள்ளங்கை அளவுக்குப் பெயின்ட் உரிந்தது. விளக்குக் கண்ணாடிகூட உடையவில்லை.

ஆனால் ஸ்டியரிங்குக்குள் இருந்த காற்றுப்பை விரிந்தது. அந்த இடிக்கு அது விரிந்திருக்கவே வேண்டாம். விரிந்ததோடும் போகவில்லை. பையை ஊதவைக்கும் சின்ன உலோகக் குடுவை உள்ளுக்குள்ளேயே வெடித்துச் சிதறியது. அதில் கட்டைவிரல் நகம் அளவு ஒரு துண்டு மாமாவின் கழுத்தில் ஏறியது. அத்தை அப்போது வாசலில் நின்று குடையை மடக்கிக்கொண்டிருந்தாள். டயர் வெடித்த சத்தம் என்று நினைத்தாளாம். பத்தடி தூரத்தில் இருந்த டாக்டர்களாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அந்தக் குடுவையின் குறை அவனுக்குப் புதிதல்ல. அந்தக் காரை விற்ற நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில்தான் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறான். வண்டியோடு வருகிறவர்களிடம் முதலில் பேசுகிற ஆள் அவன்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் நிறுவனம் எல்லா உரிமையாளர்களுக்கும் ரீகால் கடிதம் அனுப்பியது. காற்றுப்பையின் பாகத்தில் குறை இருக்கிறது, இலவசமாக மாற்றித் தருகிறோம், உடனே வாருங்கள் என்று. உடனே வந்தார்கள். பாகம்தான் வரவில்லை. வந்தவர்களின் பெயரைப் பட்டியலில் எழுதிக்கொண்டு, என்ன சொல்லி அனுப்ப வேண்டும் என்று மேலிடத்திலிருந்து நான்கு வரி வந்தது. அந்த நான்கு வரியை அவன் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். பாகம் வந்துகொண்டிருக்கிறது. வந்தவுடன் நாங்களே அழைப்போம். உங்கள் பாதுகாப்பே எங்களுக்கு முக்கியம். அதுவரை வண்டியைக் கவனமாக ஓட்டலாம்.

எத்தனையோ பேர் மேஜையைத் தட்டியிருக்கிறார்கள். ஒரு டீச்சர் தினமும் பள்ளி முடிந்து வந்து, ஒரு வார்த்தை பேசாமல் அவன் எதிரில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவாள். ஒருவர் அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து, உங்க சுவத்துல மாட்டுங்க என்று கொடுத்தார். அவன் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்து, நான்கு வரியையும் சொல்லி அனுப்பினான்.

மாமா மட்டும் சண்டை போடவில்லை. அவர் லிப்ட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தோரு வருடம் ஊரில் உள்ள அடுக்கு மாடிக் கட்டிடங்களின் கயிற்றையும் பிரேக்கையும் தடவிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர். கயிற்றில் ஒரு இழை விட்டிருந்தாலும் பூட்டுப் போட்டு, கதவில் சிவப்புத் தாளை ஒட்டிவிட்டுத்தான் இறங்குவார். பத்து மாடி ஏறி இறங்கியவர்கள் அவரை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறார்கள். கடிதம் வந்த வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டின்போது அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"குறை இருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்ப ஓட்டாதீங்கன்னுதானே சொல்லணும். ஓட்டலாம்னு எப்படி மாப்பிள்ளை சொல்றீங்க?"

அவன் சிரித்து மழுப்பினான். எல்லாரையும் ஓட்டாதேன்னு சொன்னா எல்லாருக்கும் மாற்று வண்டி குடுக்கணும் மாமா என்றான். அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போய்விட்டார். பட்டியலில் அவர் பெயர் பத்தொன்பதாவது.

அவனிடமும் அதே மாடல் கார்தான் இருந்தது. தாமதமாகத்தான் பதிந்தான், ஐம்பத்து மூன்றாவது. போன வருடம் முதல் தடவையாகப் பாகங்கள் வந்தன. மொத்தமே ஆறு. நான்கை வாடகைக் கார் கம்பெனிக்கு ஒதுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஒன்று மேனேஜரின் தங்கை வண்டிக்குப் போனது. மிச்சம் ஒன்று. மேனேஜர் அவனைக் கூப்பிட்டு, உங்க பொண்ணு தினம் அந்த வண்டியிலதானே ஸ்கூலுக்குப் போறா, சாயங்காலம் சாவியைக் குடுத்துட்டுப் போங்க என்றார்.

மதியம் முழுக்க அவன் யோசித்தான். பட்டியலை வைத்துப் பார்த்தால் அது அவனுக்கும் உரியதல்ல, மாமாவுக்கும் உரியதல்ல, முதல் ஆளான அந்த டீச்சருக்கு உரியது. எப்படியும் முறை தவறத்தான் போகிறது. அடுத்த தடவை பதினைந்து நாளில் வந்துவிடும் என்றார்கள். ஏழு வயதுக் குழந்தை. இப்படி ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே வந்து, ஐந்து மணிக்குச் சாவியைக் கொடுத்தான். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் மனைவி, அப்பாவுக்கு ஏன் இல்லை என்று கேட்பாள். மாமாவுக்கும் மாற்றிய பிறகு சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தான். அடுத்த தடவை என்று ஒன்று வரவே இல்லை. எட்டு மாதம் ஓடியது.

அந்தச் சமயத்தில்தான் மாமா சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்ய ஆரம்பித்தார். வாடிக்கையாளர் எண்ணுக்கு. முதல் தடவை குரலைக் கேட்டவுடன் அவன், மாமா, நான்தான் என்றான்.

"தெரியுது சார். என் வண்டி பட்டியல்ல எந்த இடத்துல இருக்குன்னு சொல்ல முடியுமா?"

விளையாடுகிறார் என்று நினைத்தான். அதற்குப் பிறகு மாதா மாதம் முதல் திங்கட்கிழமை போன் வரும். வண்டி எண்ணைச் சொல்லுவார், சார் என்பார், பதிலைக் கேட்டுக்கொண்டு, நன்றி சார் என்று வைத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனால் எப்போதும் போல மாப்பிள்ளைதான். அவன் இதைச் சாப்பாட்டு இடைவேளையில் கூட இருப்பவர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறான். என் மாமனார் என்னை சார்னு கூப்பிடுறாருப்பா.

செவ்வாய்க்கிழமை மதியம் அத்தை அவனைத்தான் முதலில் கூப்பிட்டாள். வந்து கொண்டுபோய் விட முடியுமா என்று கேட்டாள். அவனுக்கு எதிரில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். மாமாவ மெதுவா ஓட்டச் சொல்லுங்க அத்தை, கூப்பிடு தூரம்தானே, ஒண்ணும் ஆகாது என்றான்.

மின்மயானத்துக் கூடத்தில் முப்பது நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அதைவிட நிறையப் பேர் வந்திருந்ததால் பாதிப் பேர் வெளியே தாழ்வாரத்தில் நின்றார்கள். மாமா பூட்டுப் போட்ட கட்டிடங்களிலிருந்துகூட இரண்டு மூன்று பேர் வந்திருந்தார்கள். அவர் முகம் அமைதியாகத்தான் இருந்தது. மேல் பொத்தான் வரை போட்டிருந்த வெள்ளைச் சட்டையில், ஏதோ விசேஷத்துக்குக் கிளம்பிவிட்டுக் கண்ணை மூடியவர் போல இருந்தார். அவன் மனைவி அழுது முடித்த முகத்தோடு தலைமாட்டில் நின்றாள். ஏழு வயதுக் குட்டி அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, யார் செருப்பு எங்கே கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது.

எல்லாம் முடிந்து இரும்புக் கதவு மூடிய பிறகு, மேனேஜர் தாழ்வாரத்தில் அவனைத் தனியாக ஒதுக்கினார். காலையிலிருந்து பத்திரிகைக்காரர்கள் போன் செய்துகொண்டே இருக்கிறார்களாம். விசாரணை முடியும் வரை குடும்பத்தில் யாரும் எதுவும் பேச வேண்டாம் என்று தலைமை அலுவலகத்தில் சொன்னார்களாம். நீங்க நம்ம ஆளு, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல என்றார். பிறகு குரலை இறக்கி, நல்ல செய்தி சொல்லுகிறவரைப் போல, நாளைக் காலையில் நாற்பது பாகம் வந்து இறங்குகிறது என்றார்.

அவர்களுக்குப் பின்னால் அத்தை வந்து நின்றது இருவருக்கும் தெரியவில்லை. மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து வந்திருந்தாள்.

"நாப்பதா?" என்று கேட்டாள். "இத்தனை நாள் எங்க இருந்துச்சு?"

மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டார். விமானத்தில் வரவழைக்கிறோம், அவசர ஏற்பாடு என்று என்னவோ சொன்னார். அது போதவில்லை என்று தோன்றியிருக்க வேண்டும். குனிந்து குட்டியின் தலையைத் தடவினார்.

"ஏதோ, குழந்தை போற வண்டியிலயாவது போன வருஷமே மாத்திட்டோம். அந்த மட்டுக்கும் ஒரு நிம்மதிம்மா," என்றார்.

அதற்கு மேல் அங்கே நிற்க அவருக்கே சங்கடமாகிவிட்டது. கும்பிட்டுவிட்டு நடந்தார்.

அவன் மனைவி அவனைப் பார்த்தாள். தாழ்வாரத்துக் குழாயில் யாரோ கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தண்ணீர் நிற்கிற வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எந்த மாசம்?"

அவன் மாதத்தைச் சொன்னான். அடுத்த லாட் பதினைந்து நாளில் வந்துவிடும் என்று அன்று சொன்னதையும் சொன்னான். ஒரே ஒரு பாகம்தான் மிச்சம் இருந்தது என்றான். குட்டியை நினைத்துத்தான் என்றான். தன் குரல் கவுன்டரில் பேசுகிற குரலாக இருப்பது அவன் காதிலேயே விழுந்தது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"அப்பாவுக்குத் தெரியாமலே..." என்று அவள் ஆரம்பித்தபோது அத்தை குறுக்கிட்டாள்.

"அவருக்குத் தெரியும்."

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"ஒரு ஞாயித்துக்கிழமை குட்டிய உங்க வண்டியிலேருந்து இறக்கப் போனாரு. முன் கதவு திறந்து இருந்துச்சாம். உள்பக்கம் சின்னதா பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததாம், மாத்தியாச்சுன்னு, தேதியோட. ஆயுசு பூரா ஸ்டிக்கர் ஒட்டினவரு. அவர் கண்ணுக்குத் தப்புமா?" அவள் மூச்சு வாங்கினாள். "உள்ள வந்து என்கிட்ட சொன்னாரு. நான் இப்பவே கேக்கறேன்னு எழுந்தேன். நீ வாயத் திறக்காதன்னுட்டாரு. பொண்ணு வாழ்ற வீடு. நான் ஆபீஸ்ல கேட்டுக்கறேன்னாரு."

ஆபீஸ்ல. அவனுக்கு அந்த முதல் திங்கட்கிழமைகள் வரிசையாக ஞாபகம் வந்தன. வண்டி எண்ணை ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திச் சொன்ன குரல். தெரியுது சார். பத்தொன்பதிலேயே இருக்கு மாமா, கொஞ்சம் பொறுங்க என்று இவன் சொன்னதும், ஒரு கணம் சும்மா இருந்துவிட்டு, நன்றி சார் என்றது. அந்த ஒரு கணத்தில் எதைச் சொல்லியிருந்தாலும் போதுமாக இருந்திருக்கும். எட்டுத் தடவை அவர் அந்த இடத்தை இவனுக்காக விட்டு வைத்திருந்தார்.

"அப்பா உங்கள ஒரு வார்த்தை கேட்கலையா?" என்றாள் மனைவி.

"இல்ல," என்றான். பிறகு, "கேட்டாரு," என்றான்.

கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. சாம்பலை நாளை பத்து மணிக்கு மேல் வாங்கிக்கொள்ளலாம் என்று மயான அலுவலகத்து ஆள் வந்து ஒரு சீட்டை நீட்டினார். அவன் கை நீட்டுவதற்குள் மனைவி வாங்கி மடித்துக்கொண்டாள். அவன் போய் வண்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். இறங்கி, அத்தைக்காகப் பின் கதவைத் திறந்து பிடித்தான்.

"நாங்க நடந்தே வர்றோம்," என்றாள் மனைவி.

"அத்தையால முடியாது. ரெண்டு கிலோமீட்டர் இருக்கு."

அத்தை அவனைப் பார்க்கவில்லை. மகளின் தோளில் ஒரு கையும் பேத்தியின் தோளில் ஒரு கையும் வைத்துக்கொண்டு, வாசல் படியைப் பக்கவாட்டில் இறங்கினாள். மூன்று பேரும் சாலையோரமாக நடந்தார்கள்.

அவன் கதவைச் சாத்திவிட்டு ஏறி, முதல் கியரில் அவர்களுக்குப் பின்னால் போனான். பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, விலகி முந்திக்கொண்டு போயின. ஒரு லாரிக்காரர் ஜன்னல் வழியே தலையை நீட்டி ஏதோ கத்தினார். பேருந்து நிறுத்தத்தின் அருகில் குட்டியின் செருப்புக்குள் கல் புகுந்துவிட்டது. அத்தை அங்கிருந்த கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, மனைவி குனிந்து செருப்பைக் கழற்றி உதறினாள். அவனும் நிறுத்தினான். செருப்பை மாட்டிவிட்டு, உள்ளங்காலைத் தட்டிவிட்டு, அவர்கள் திரும்பவும் நடக்க ஆரம்பித்தார்கள்.