லெப்டொப் மௌத்தான வீடு

திங்கட்கிழமை காலை லெப்டொப் எழும்ப மறுத்தபோது ஸுமைராவின் நெஞ்சில் முதலில் வந்தது சந்தோஷம். ஒரு கணம்தான். அடுத்த கணம் அவள் பதறிப்போய் அதைத் துரத்திவிட்டு, "அல்லாஹ்வே, என்ட ஃபைல் எல்லாம்!" என்று கத்தினாள். கத்தல் நன்றாகவே வந்தது. குசினியில் மாமி பஸீஹாவின் கையிலிருந்த கரண்டி விழுந்த சத்தம் கேட்டது.

பொத்தானை அழுத்தினால் ஓரத்தில் சின்ன விளக்கு எரிந்தது. உள்ளே விசிறி ஒரு பெருமூச்சு விட்டது. திரை மட்டும் கறுப்பாகவே கிடந்தது. அந்தக் கறுப்பில் அவளுடைய முகம் தெரிந்தது. கவலைப்படுகிற முகமாக அது இல்லை என்பதைக் கண்டு அவசரமாகச் சரிசெய்துகொண்டாள்.

கல்வியியல் முதுமாணிப் பட்டத்துக்காக அவள் எழுதிக்கொண்டிருந்த ஆய்வு அதற்குள்தான் இருந்தது. கம்பளையிலிருந்து கண்டிக்கு பஸ் ஏறி ஏறிப் படித்த படிப்பு. 'வீட்டுவேலை செய்யாமைக்கு மாணவர்கள் கூறும் காரணங்கள்: ஓர் உளவியல் நோக்கு' என்பது தலைப்பு. வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகள் சொன்ன காரணங்களையெல்லாம் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ச் சேகரித்து, வகை பிரித்து, மூன்று அத்தியாயம் எழுதியிருந்தாள். நாலாவது அத்தியாயத்துக்கு ஒரு தலைப்பு இருந்தது. அதன் கீழே, 'இங்கே ஆழமாகப் பேச வேண்டும்' என்று ஒரு வரி. அந்த வரியும் தனக்குத்தானே எழுதிக்கொண்டது. வேறொன்றும் இல்லை.

இது அவளுக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டுமே தெரியும். அவளுடைய மேற்பார்வையாளர் முத்துலிங்கம் சேருக்குத் தெரியாது. "நாலாவதுதான் சேர் நல்லா வந்திருக்கு, ஒரு சின்னத் திருத்தம்தான் மிச்சம்" என்று அவரிடம் நோன்பு காலத்திலேயே சொல்லியிருந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் முழுவதையும் அனுப்பும்படி அவர் கேட்டிருந்தார்.

ஏன் எழுதவில்லை என்று கேட்டால் சொல்ல அவளிடம் காரணம் இல்லை. ஊர்ப் பிள்ளைகளின் காரணங்களை வகை பிரித்தவளுக்குத் தன்னுடையது எந்த வகை என்று பிடிபடவில்லை. முதல் மூன்று அத்தியாயங்களில் மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்று சொன்னால் போதும். நாலாவதில் அவள் என்ன நினைக்கிறாள் என்று சொல்ல வேண்டும். அந்த இடத்துக்கு வந்தவுடனே கழுவாத தேத்தண்ணிக் கோப்பைகள் ஞாபகத்துக்கு வரும். அவள் எழுந்து போய்விடுவாள். அந்த வீட்டில் கோப்பைகள் பளபளவென்று இருந்ததற்கு நாலாவது அத்தியாயமே காரணம்.

இப்போது லெப்டொப்பே போய்விட்டால்? எல்லாம் எழுதி முடித்தவளாகவே அவள் இருந்துவிடலாம். எழுதாதவள் என்ற பேர் வராது. இழந்தவள் என்ற பேர்தான் வரும்.

மாமி ஓடிவந்து, விஷயத்தைக் கேட்டு, எதையோ ஓதி விசைப்பலகையில் ஊதினார். "மிச்சம் கண்ணூறு மகள். படிச்ச படிப்பு சும்மாவா? நேத்து அக்குறணைக் கலியாணத்துல எத்தன பேர் பாத்த பார்வை!"

கணவன் ருஷ்திக்கு டவுனில் ஹார்ட்வெயார் கடை. குழாயும் பெயின்டும் விற்கிறவன். எல்லாப் பொருளும் ஒன்று அடைத்துக்கொள்ளும் அல்லது ஒழுகும் என்பது அவனுடைய உலக ஞானம். வந்து லெப்டொப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "காத்துப் போக ஏலாம அடச்சீக்கும்" என்றான். அப்படி அடைபடக்கூடாது என்றுதான் போன கிழமை பக்கத்து வெல்டிங் கடையில் இரும்புக் கம்பியால் ஒரு தாங்கி செய்துகொண்டு வந்து மேசையில் வைத்திருந்தான். சூடு ஆறட்டும் என்று அன்றே லெப்டொப்பை அதன்மேல் ஏற்றி வைத்ததும் அவன்தான். "தாங்கி நல்லாத்தானே ஈக்கி," என்று அதைத் தட்டிப் பார்த்துத் திருப்தியடைந்தான்.

பிறகு கண்டியில் கடை வைத்திருக்கும் றொட்னிக்கு ஃபோன் எடுத்து, சத்தமாகக் கேட்கும்படி வைத்தான். ஊரில் பாதிப்பேரின் கம்பியூட்டருக்கு றொட்னிதான் வைத்தியர்.

"மிஸ், சார்ஜரைக் கழட்டிட்டு பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அமுக்கியே பிடிங்க. உள்ள தேங்கி நிக்கிற கரண்ட் போயிரும்."

ஸுமைரா பிடித்தாள். மனதில்லாமல், மெல்லத்தான் பிடித்தாள். விளக்கு எரிந்தது. திரை கறுப்பு.

"அப்போ கழட்டித்தான் பார்க்கணும். நான் ஹேவாஹெட்டயில நிக்கிறேன், தங்கச்சி ஜூலிக்குக் கல்யாணம். வெள்ளிக்கிழமை வர்ற வழியில உங்க வீட்டுக்கே வர்றேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் குடுக்காதீங்க. ஃபோர்மட் பண்ணிட்டா எல்லாம் போயிரும்."

"ஃபோர்மட் பண்ணினா... எல்லாமே போயிருமா?" என்று ஸுமைரா கேட்டாள். அந்தக் கேள்வியில் ஓர் ஏக்கம் தொனித்தது. நல்லவேளையாக எல்லோரும் அதைப் பயம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"பயப்படாதீங்க மிஸ். நான் விட மாட்டேன். ஒரு ஃபைல் போகாது. நீங்க மறந்துபோனது, அழிச்சது கூட எடுத்துத் தர்றேன்."

அவள் அவசரமாக நன்றி சொல்லி ஃபோனை வைத்தாள்.

ருஷ்தி அத்தோடு நிற்கவில்லை. அவளைக் கேட்காமலே முத்துலிங்கம் சேருக்கும் எடுத்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியிலேயே தங்கிவிட்ட மனிதர். எதற்கும் அவசரப்படாதவர்.

"ஓம் ஓம், விளங்குது தம்பி. பிள்ளையை அழ வேண்டாமெண்டு சொல்லுங்கோ. மாசக் கடைசி மட்டும் பொறுக்கலாம். ஆனா ஒண்டு, ஃபைல் கிடைச்ச உடனே நாலாம் அத்தியாயத்தைத்தான் எனக்கு முதல்ல அனுப்ப வேணும். அதைத்தான் நான் பாத்துக்கொண்டிருக்கிறன்."

"அழுதுட்டுத்தான் ஈக்கிறா சேர்," என்றான் ருஷ்தி. அவள் அழவில்லை. ஆனால் சொன்ன பிறகு அழாமல் இருப்பது மரியாதையாக இராது என்று முந்தானையைக் கண்ணில் வைத்துக்கொண்டாள்.

மாலைக்குள் செய்தி பரவியது. பக்கத்துத் தெருவிலிருந்து ருஷ்தியின் தங்கை அம்னா வட்டலப்பத்தோடு வந்தாள். வந்தவள் லெப்டொப்பைப் பார்க்க வேண்டும் என்றாள். மௌத்து வீட்டில் துக்கம் விசாரிப்பதுபோல அறை வாசலில் நின்று, குரலைத் தாழ்த்தி, "எப்ப இப்படி ஆன மதினி?" என்று கேட்டாள்.

"காலையில."

"முதல்ல ஏதும் காட்டின இல்லயா?"

"இல்ல. நேத்துக் கூட நல்லாத்தான் ஈந்த."

"அதுதான். நல்லா ஈந்துட்டுத்தான் போற," என்று அம்னா பெருமூச்சு விட்டாள். ஸுமைரா இரண்டு துண்டு வட்டலப்பம் சாப்பிட்டாள். துக்கத்தில் இவ்வளவு பசிக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரிந்திருக்கவில்லை. தன்னைப் பற்றி இரக்கத்தோடு பேசப்படுவது எவ்வளவு சுகமாக இருக்கிறது என்றும் தெரிந்திருக்கவில்லை. கெட்டிக்காரப் பிள்ளை என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள். கெட்டிக்காரப் பிள்ளையைப் பார்த்து யாரும் பாவம் என்று சொல்வதில்லை.

புதன்கிழமை முற்பகல், வீட்டில் யாரும் இல்லாத நேரம், தூசு தட்டுவதற்காக லெப்டொப்பைத் தாங்கியிலிருந்து தூக்கிக் கட்டிலில் வைத்தாள். மூடி திறந்தபடியே இருந்தது. திரையில் வெளிச்சம் வந்தது.

ஸுமைரா துணியோடு அப்படியே நின்றாள். நீலமாக, தெளிவாக, ஒன்றுமே நடக்காததுபோல அது அவளைப் பார்த்தது. ஃபைல்கள் வரிசையாக இருந்தன. நாலாவதும் இருந்தது, அதே ஒற்றை வரியோடு.

தூக்கி மறுபடி தாங்கியில் வைத்தாள். திரை இருண்டது. கட்டிலில் வைத்தாள். வெளிச்சம். தாங்கியில். இருட்டு. குனிந்து தாங்கியை உற்றுப் பார்த்தாள். முன்பக்கக் கம்பியில் அவளுடைய ஸ்கார்ஃப் காந்தங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஊசி குத்தினால் துணி கிழிகிறது என்று இப்போது எல்லோரும் போடுகிற, பொத்தான் மாதிரியான காந்தங்கள். கழற்றி வைத்தால் தொலைந்துபோகும் சாமான். ஞாயிற்றுக்கிழமை கலியாணத்தால் வந்த களைப்பில், ஸ்கார்ஃபை அவிழ்த்த கையோடு, கைக்குக் கிட்டிய இரும்பில் எல்லாவற்றையும் ஒட்டிவிட்டிருந்தாள். இனித் தொலையாது என்று சந்தோஷப்பட்டதும் நினைவுக்கு வந்தது.

றொட்னிக்கு எடுத்தாள். பின்னணியில் கலியாண வீட்டு பேண்ட் சத்தம்.

"றொட்னி, சும்மா கேக்கிற. லெப்டொப்புக்குக் கிட்ட காந்தம் வச்சா என்ன ஆகும்?"

"மூடியை மூடிட்டாங்கன்னு நெனச்சுக்கிட்டு தூங்கிரும் மிஸ். மூடியில ஒரு காந்தம் இருக்கு, அது கிட்ட வந்தாத்தான் மூடினது அதுக்குத் தெரியும். ஏன் மிஸ்?"

"ஒண்டுமில்ல. பொது அறிவுக்கு."

வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். ருஷ்திக்குச் சொல்ல வேண்டும். சொன்னால் சேருக்குத் தெரியும். சேர் நாலாவதைக் கேட்பார். சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை றொட்னி வந்து கண்டுபிடிப்பான். அதுவரை இரண்டு நாள் உண்டு. இந்த இரண்டு நாளும் உலகத்தைப் பொறுத்தவரை இந்தப் பெட்டி செத்தது. செத்த பெட்டிக்கு முன்னால் இருக்கிறவளிடம் யாரும் எதுவரை எழுதினாய் என்று கேட்க மாட்டார்கள்.

அது மனதில் பட்டதும் அவளுக்குத் தலை லேசானது. 'இங்கே ஆழமாகப் பேச வேண்டும்' என்ற வரியை அழித்தாள். அந்த இடத்தில், 'பிள்ளைகள் பொய் சொல்வது சோம்பலால் அல்ல. செய்ததைக் காட்டினால் தங்களைப் பற்றித் தெரிந்துவிடும் என்ற பயத்தால்' என்று எழுதினாள். எழுதியதைப் பார்த்துத் திடுக்கிட்டாள். பிறகு அடுத்த வரியை எழுதினாள்.

வாசல் படலை திறக்கிற சத்தம் கேட்டது. கையிலிருந்த காந்தத்தை விசைப்பலகையின் ஓரத்தில் வைத்தாள். திரை செத்தது. மாமி எட்டிப் பார்த்தபோது மருமகள் இருண்ட பெட்டிக்கு முன்னால் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தாள்.

"இதப் பாத்துப் பாத்து ஏன் மகள் மனச முறிச்சிக்கிறீங்க? சரி, ஈங்கோ. வெங்காயத்த நானே உரிக்கிறேன்."

மாமி போனதும் காந்தத்தை எடுத்தாள். வாக்கியம் விட்ட இடத்திலேயே காத்திருந்தது.

வியாழன் முழுவதும் அப்படியே போனது. காலடி கேட்டால் காந்தம், போனால் வாக்கியம். ருஷ்தி ஒரு தடவை திடீரென்று வந்து, அவளுடைய விரல்கள் விசைகளில் கிடப்பதைக் கண்டு, "பழக்கதோஷம், பாவம்," என்று அவளுடைய தோளைத் தட்டிவிட்டுப் போனான். கோப்பைகள் கழுவப்படாமல் கிடந்தன. நாலாவது அத்தியாயம் பதினோராவது பக்கத்துக்கு வந்துவிட்டது. மின்னஞ்சலில் ஒரு பிரதி அனுப்பிவைக்க அவளுக்குத் தோன்றவே இல்லை. எழுதுகிற ஆள் நான்தானா என்ற ஆச்சரியமே தீரவில்லை.

வெள்ளிக்கிழமை றொட்னி நினைத்ததைவிட முந்தி வந்துவிட்டான். கலியாண வீட்டுக் களைப்போடு, கையில் கருவிப்பெட்டியோடு, ருஷ்திக்குப் பின்னாலேயே அறைக்குள் வந்தான். காந்தத்தை வைக்கத்தான் ஸுமைராவுக்கு நேரம் கிடைத்தது. எடுத்து ஒளிக்க நேரம் கிடைக்கவில்லை. ஸ்கார்ஃபின் நுனியை அதன்மேல் போட்டாள்.

றொட்னி பொத்தானை அழுத்தினான். கறுப்பு. சார்ஜரை மாற்றினான். கறுப்பு. "சரி, திறந்துர வேண்டியதுதான்," என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். "ஹார்ட் டிஸ்க்கை வெளிய எடுத்து என்னோட மெஷின்ல போட்டுப் பார்க்கலாம். தொண்ணூறு வீதம் ஒண்ணும் ஆகாது."

"மிச்சப் பத்து?" என்றாள் ஸுமைரா.

"அது ஆண்டவன் கையில மிஸ். பழைய டிஸ்க், கை பட்டா சில நேரம் படுத்துரும்."

திங்கட்கிழமை இதைக் கேட்டிருந்தால் அந்தப் பத்துக்காகக் கையேந்தித் துஆ கேட்டிருப்பாள். இப்போது அந்தப் பதினோரு பக்கமும் கண்ணுக்கு முன்னால் வந்தன. திரும்ப எழுத முடியாது. அந்தப் பயந்த பிள்ளைகளைப் பற்றி அப்படி இன்னொரு தடவை அவளுக்கு எழுத வராது. ஸ்க்ரூ டிரைவரோடு றொட்னி லெப்டொப்பைக் கவிழ்க்கக் கை நீட்டினான்.

"தொடாதீங்கோ!"

மூவரும் அதிர்ந்தார்கள், குசினியிலிருந்து வந்து நின்ற மாமியும்தான். ஸுமைரா ஸ்கார்ஃபை இழுத்தாள். காந்தத்தைப் பிடுங்கினாள். திரை எரிந்தது. நாலாவது அத்தியாயம், பாதி வாக்கியத்தில், முடிவில் ஒரு கோடு மின்னி மின்னி.

றொட்னி காந்தத்தைப் பார்த்தான், ஸுமைராவைப் பார்த்தான். "பொது அறிவு," என்று மெல்லச் சொன்னான்.

ருஷ்தி குனிந்து வாசித்தான். "இது எப்ப எழுதின?"

"புதனும் வியாழனும்."

"மௌத்தான லெப்டொப்லயா?"

"அதுலதான். முதல்ல ஒண்டும் எழுதல்ல. நாலாவதே இல்ல. ஒரு வரிதான் ஈந்த." சொன்ன பிறகு, வானம் இடிந்து விழும் என்று காத்திருந்தாள். கூரையில் குரங்கு ஒன்று ஓடிய சத்தம்தான் கேட்டது.

ருஷ்தி கதிரையை இழுத்து உட்கார்ந்தான். "நான் டவுன் முழுக்கச் சொல்லிட்டேன். சேருக்கிட்ட நீங்க அழுதன்டு வேற சொல்லிட்டேன். பள்ளிவாசல்ல துஆ கேக்கச் சொல்லி அரூஸ் நானாக்கிட்டயும் சொல்லிட்டேன்." கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்தான். "முடிக்க இன்னும் எத்தன நாள் வேணும்?"

"யாரும் கேக்காம ஈந்தா... ரெண்டு, மூணு."

மாமி தலையை ஆட்டினார். கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. வெங்காயம் உரித்த நாட்களை எண்ணிப் பார்க்கிறாரோ என்று ஸுமைரா பயந்தாள்.

ருஷ்தி றொட்னியின் பக்கம் திரும்பினான். "தம்பி, டவுன்ல கேட்டா இதுக்கு என்ன வருத்தம்டு சொல்ற?"

றொட்னி ஸ்க்ரூ டிரைவரைப் பெட்டிக்குள் போட்டான். "போர்ட் போயிருக்கு. சாமான் கொழும்பிலருந்து வரணும். திங்கள், செவ்வாய் ஆகும்." பிறகு தன் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து லெப்டொப்பில் செருகினான். "அதுக்கு முன்னால நீங்க எழுதின பக்கத்தையெல்லாம் எடுத்து வச்சிர்றேன் மிஸ். நீங்க கொஞ்சம் எழும்புங்க."

அவன் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போன பின்பு ஸுமைரா மறுபடி உட்கார்ந்தாள். வெளியே படலையில் பக்கத்து வீட்டு ரபீகாவின் குரல் கேட்டது. யாரோ வந்துவிட்டுப் போனதைக் கண்டிருக்கிறாள்.

"என்ன மாமி, சரியாகிட்டா?"

அறைக் கதவை மாமி வெளியிலிருந்து இழுத்துச் சாத்தினார்.

"எங்க புள்ள சரியாகிற," என்றார், நீளமாக மூச்சு விட்டு. "இன்னும் கண் திறக்கல்ல. உள்ள போகாதீங்கோ. அவ மிச்சம் மனம் உடஞ்சி ஈக்கிறா."

உள்ளே ஸுமைரா, விசைகளின் சத்தம் வெளியே கேட்காதபடி, மெதுவாக எழுதிக்கொண்டிருந்தாள்.