யாருடையதென்று தெரியாத மூன்று காசு

பன்னிரண்டாயிரம் வெள்ளி. விலை மதிக்கவே முடியாத அந்தக் கணக்குப் புத்தகத்துக்கு நாகூர் மீரான் சொன்ன விலை அது. அவர் வாங்கியது நாற்பதுக்கு. அதுவும் ஓடாத மின்விசிறி ஒன்றோடு சேர்த்து.

ஜார்ஜ்டவுன் சந்தில் பழைய சாமான் கடை வைத்திருப்பவர் மீரான். அப்பா காய்கறித் தரகர், மாமா காசு மாற்றுபவர். அந்த வீட்டில் மீன் துண்டுக்குக்கூடப் பேரம் பேசித்தான் சோறு தின்ன வேண்டும். அதனால் பன்னிரண்டு என்று சொன்னபோது அவர் முகத்தில் ஒரு சுருக்கமும் விழவில்லை.

எதிரே நின்ற ருக்குமணியின் முகத்தில் விழுந்தது. அவள் பிறை ஊர்த் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசர். நிபோங் திபால் பக்கம் கரும்புக்கொல்லைத் தமிழ்ப்பள்ளியின் வாரியச் செயலாளர். தோட்டத்தை வாங்கிய புதுக் கம்பெனி, பள்ளி நிற்கும் நிலமும் தன்னுடையதுதான் என்கிறது. பழைய துரைமார் போனால் போகிறதென்று விட்டுவைத்தார்களாம். இல்லை, அது பள்ளியின் நிலம் என்று காட்ட ஒரு தாளாவது வேண்டும். திங்கட்கிழமை நில அலுவலகத்தில் விசாரணை. அன்றைக்கு வியாழன்.

"மூவாயிரத்து எண்ணூத்தம்பது இருக்கு, பாய். ஊரே போட்டது."

"கோலாலம்பூர்ல பழசு சேக்கிறவரு ஒருத்தரு ஒம்பதாயிரத்துக்குச் சரின்னுட்டாரு, மா. சனிக்கிழமை வர்றாரு. ஒங்களுக்கும் அதே வெல. பன்னெண்டு சொன்னது பழக்க தோஷம்."

ருக்குமணி முதல் பக்கத்தைத் திறந்தாள். 1889 முதல் 1911 வரை, கரும்புக்கொல்லைப் பள்ளியின் வரவு செலவு. கீழே பொருளடக்கம்போல ஒரு வரி: 'நிலம் வாங்கிய வகை, 37ஆம் ஏடு.' அவள் விரல் வேகமாகப் புரட்டியது. முப்பத்தாறு. அடுத்தது முப்பத்தெட்டு.

"முப்பத்தேழு எங்க, பாய்?"

மீரானுக்கு எங்கே என்று நன்றாகவே தெரியும். முழுப் புத்தகத்தை வாங்க ஓர் ஆள்தான் வருவான். தனித்தனி ஏடாக அறுத்தால் நூறு பேர் வருவார்கள். அது அந்தத் தொழிலின் பால பாடம். மாதிரிக்கு ஒன்று விற்றுப் பார்க்கலாமென்று, பார்க்க அழகாயிருந்த ஏட்டை அறுத்துப் பக்கத்துத் தெருக் காப்பிக் கடைக்கு நூற்றெண்பதுக்குக் கொடுத்திருந்தார்.

"பூச்சி தின்னிருக்கும் லா."

"பூச்சி பிளேடு வச்சா திங்கும்?" ருக்குமணி புத்தகத்தை மூடினாள். "படிச்சுப் பாத்தீங்களா பாய் இத?"

"நான் விக்கிறவன், மா."

"ஒரு தடவ படிங்க. அப்புறம் வெல சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்தவர், கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டுக் கால்குலேட்டரோடு உட்கார்ந்தார். படிப்பதற்கல்ல, திருடனைப் பிடிப்பதற்கு. பொதுப் பணம் என்றால் யாராவது கை வைத்திருப்பான். கோயில் கணக்கானாலும் பள்ளிவாசல் கணக்கானாலும் ஓட்டை எங்கே என்று நாற்பது நிமிடத்தில் சொல்லிவிடுவார். இந்தக் கணக்கை எழுதிய மரியசூசை உபாத்தியாயரின் ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டால், ஒன்பதாயிரத்தை நிம்மதியாக வாங்கிக்கொள்ளலாம்.

பள்ளி நடந்த விதம் மெல்லப் புரிந்தது. அரசாங்கம் மானியம் கொடுத்தது, ஆனால் சும்மா கொடுக்கவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை இன்ஸ்பெக்டர் துரை வருவார். பிள்ளைகளை நிறுத்தி வாசிக்கச் சொல்வார், கணக்குப் போடச் சொல்வார். தேறிய தலைக்கு ஒரு வெள்ளி, தேறாத தலைக்குக் கிடையாது. தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிற மாதிரிதான். மீரானுக்கு அந்தத் துரையைக் கொஞ்சம் பிடித்துக்கூடப் போனது.

1894இல் ஊரில் காய்ச்சல். நாற்பத்தொரு பிள்ளைகளில் தேறியது ஒன்பது. மானியம் ஒன்பது வெள்ளி. உபாத்தியாயர் சம்பளமோ வருஷத்துக்குத் தொண்ணூற்றாறு.

மிச்சம் எண்பத்தேழு வெள்ளி எங்கிருந்து வந்தது? இதோ ஓட்டை என்று மீரான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

அடுத்த ஏட்டில் இருபத்திரண்டு பேர். எல்லாரும் ஆலைக்குக் கரும்பு ஏற்றிய மாட்டுவண்டிக்காரர்கள். ஒரு பாரம் இறக்கினால் பள்ளிப் பெட்டியில் ஒரு காசு. பெயர், பாரம், காசு, கடைசிக் கட்டத்தில் பள்ளியில் படிக்கும் பிள்ளை. 'மாயழகு, 412 பாரம், 4 வெள்ளி 12 காசு, பிள்ளை இல்லை.' மீரான் அடுத்த வருஷத்தைப் புரட்டினார். மாயழகு, 398. பிள்ளை இல்லை. பதினாறு வருஷம் புரட்டினார். அந்த மனிதனுக்குக் கடைசிவரை பிள்ளை பிறக்கவில்லை. ஒரு பாரத்தின் காசும் நிற்கவில்லை.

அப்புறம்தான் அவர் தேடியது கிடைத்தது. 1894 கூட்டலில் இடித்தது. பெயர்ப்படி எண்பத்தேழு வெள்ளி. பெட்டியில் எண்ணியது எண்பத்தேழு வெள்ளி மூன்று காசு. கீழே உபாத்தியாயரின் கை: 'மிச்சம் மூன்று காசு, யாருடையதென்று தெரியவில்லை. தனியே வைத்தது.'

அடுத்த வருஷக் கணக்கின் தலைப்பில்: மூன்று காசு, தனியே. அதற்கடுத்த வருஷமும் அப்படியே. சம்பளம் ஐந்து மாதம் கிடைக்காத 1902இலும் அதே மூன்று காசு. 1911, கடைசி ஏடு, கடைசி வரி: மூன்று காசு.

மீரான் கால்குலேட்டரை மூடினார். மறுபடி திறந்து, முதலிலிருந்து ஒரு தடவை கூட்டினார். சரியாக இருந்தது. அறுபது வயதில், திருடன் இல்லாத கணக்கை முதல்முறையாகப் பார்த்தவர், தலையிலிருந்த தொப்பியைச் சரிசெய்துகொண்டார். கடைக்குள் யாரோ பெரிய மனிதர் வந்துவிட்டதுபோல எழுந்தும் நின்றார்.

அந்த நிலையிலேயே, ஏட்டை வாங்கிய பக்கத்துத் தெரு கெல்வினின் காப்பிக் கடைக்குப் போனதுதான் தப்பு. வியாபாரி என்றால் முதலில் ஒரு தே தாரிக் டீ சொல்ல வேண்டும், மழையைப் பற்றிப் பேச வேண்டும், போகிற போக்கில் சுவரைப் பார்க்க வேண்டும். மீரான் உட்காரக்கூட இல்லை.

"கெல்வின், அந்த ஃபிரேம் வேணும்ப்பா."

கெல்வின் அவருடைய நெற்றி வியர்வையைப் பார்த்தான். "ஆயிரத்தைந்நூறு, அங்கிள்."

"நூத்தெம்பதுக்கு நான்தானடா வித்தேன்."

"நீங்கதான அங்கிள் சொல்லிக் குடுத்தீங்க, ஓடி வர்றவன்கிட்ட சாமானுக்கு வெல போடாத, அவன் வேர்வைக்குப் போடுன்னு."

கண்ணாடிக்குள் ஏடு இருந்தது. நிலம் அறுபது வெள்ளி, விற்றவன் பெயர், எல்லை, அரசாங்க முத்திரை. கீழே வாங்கியவர்கள். எழுதத் தெரிந்தவன் ஒருவனும் இல்லை. வண்டிச் சக்கரம், மாட்டுக் கொம்பு, மூன்று கோடு என்று இருபத்திரண்டு கீறல்கள். மீரான் அதைத்தான் பூ வேலைப்பாடு என்று நினைத்து அறுத்திருந்தார்.

பணத்தை எண்ணி வைத்தார். கெல்வின் பயந்துபோனான்.

"பேரம் பேச மாட்டீங்களா அங்கிள்? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

சனிக்கிழமை காலையில் கோலாலம்பூர்க்காரருக்குப் போன் செய்து வர வேண்டாமென்றார். ருக்குமணி வந்தபோது முப்பத்தேழாம் ஏடு தன் இடத்தில் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், அந்தக் கீறல்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள். அப்புறம் பணக்கவரை அப்படியே மேஜையில் வைத்தாள். கூடவே ஒரு பள்ளி நோட்டு: யார் யார் எவ்வளவு போட்டார்கள் என்று. அர்ஜுனன், ஐம்பது. மார்த்தா, பத்து.

"மிச்சத்த மாசா மாசம் கட்டுறோம், பாய்."

மீரான் அந்த நோட்டைப் பெயர் பெயராகப் படித்தார். பிறகு பில் புத்தகத்தை இழுத்தார்.

"சும்மா குடுத்தா எங்க அப்பா கனவுல வந்து அடிப்பாரு, மா. அசல மட்டும் வாங்கிக்கிறேன். அந்த ஃபேனும் ஒங்களதுதான், தூக்கிட்டுப் போங்க."

கவரிலிருந்து எடுத்துக்கொண்டு மிச்சம் இரண்டாயிரத்து நானூற்றுத் தொண்ணூறைத் திருப்பித் தள்ளினார். பில்லில் இப்படி எழுதியிருந்தது:

புத்தகம் வாங்கியது: 40.
ஏடு மீட்டது: 1,500.
ஏடு விற்ற வரவு கழிவு: 180.
பெற்றுக்கொண்டது: 1,360. லாபம் இல்லை.
பழைய நிலுவை: மூன்று காசு. யாருடையதென்று இன்னும் தெரியவில்லை.