நெருப்புக்குள் ஒரு முகம்

பனி கொட்டும் வெளிநாட்டு ஊரான பியர்பொன்ட்ஸில், தன் வீட்டில் அன்று காலை அனுசூயா ஒரு தப்புச் செய்துவிட்டாள்.

மகள் பத்மா கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படும் பார்சிப் பையன் சோராப் முதல்முறையாக வருகிறான். வீட்டு வெள்ளி பளிச்சென்று இருக்க வேண்டாமா? விபூதியை ஈரத்துணியில் தொட்டு டம்ளர், குங்குமச் சிமிழ் என்று தேய்த்துக்கொண்டே போனவள், சுவாமித் தட்டிலிருந்த கறுத்த காசையும் தேய்த்துவிட்டாள். பழங்காசு சேர்க்கும் கணவர் ஜம்புநாதன் எதை வாங்கினாலும் முதலில் சுவாமியிடம் வைப்பார். இது போன வாரம் ஏலத்தில் எடுத்த பழைய பாரசீகக் காசு.

"அது அழுக்கு இல்லடி, வயசு," என்று தலையில் கைவைத்துக்கொண்டார் அவர்.

"வயசைத் தேய்ச்சுட்டா பார்க்க நன்னாத்தான் இருக்கு. நீங்களும் ஷேவ் பண்ணிண்டு வாங்கோ."

வாயாடிவிட்டுக் காசை மெல்ல மேஜைமேல் வைத்தாள். 'பையன் வரட்டும், காபி குடிக்கட்டும், போகட்டும்' என்று ஏற்கெனவே முடிவு கட்டியிருந்தார் மனுஷர். இப்போது இந்தக் கோபம் வேறு.

சோராப் பனிபடிந்த பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். மேஜையில் பளபளத்த காசைக் கண்டதும் அனுமதி கேட்டுப் பூதக்கண்ணாடியை எடுத்தான்.

"அங்கிள், நெருப்புக்குள்ளே ஒரு முகம் இருக்கிறது."

"எங்கே?" ஜம்புநாதன் கண்ணாடியைப் பிடுங்காத குறைதான். ஒரு வாரமாகக் கறுப்புத் திட்டு என்று நினைத்த இடத்தில், சுடருக்கு நடுவே கிரீடம் வைத்த தலை. நாலு வருஷமாகத் தேடிய வகைக் காசு. "யாருப்பா இது? உங்க கடவுளா?"

"சிலர் அஹுர மஸ்தா என்கிறார்கள், சிலர் அரசன் என்கிறார்கள். எங்கள் கோயிலில் நெருப்பு மட்டும்தான். தெரியாததைத் தெரியும் என்று சொல்ல மாட்டேன்."

ஜம்புநாதன் அவனை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

இதுதான் சமயம் என்று அனுசூயா காசருகே குனிந்தாள். "அக்னியை நடுவுல வெச்சு ரெண்டு பேர் நிக்கறா, பாருங்கோ. நமக்கும் அக்னி சாட்சியாத்தானே நடந்தது?"

"ரெண்டும் ஆம்பிளைடி."

"அக்னி ஒண்ணுதானே."

அவர் வெகுநேரம் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சோராப்பிடம் கேட்டார்: "தாலி கட்டறதுல உங்க ஆத்துல ஆட்சேபணை உண்டா?"

காபித் தட்டோடு அடுக்களை வாசலில் நின்றிருந்த பத்மா உள்ளே வந்து முதல் டம்ளரை அப்பாவிடம் நீட்டினாள். அனுசூயா விபூதிச் சம்புடத்தை அலமாரியில் வைத்து, அதன் மூடியை ஒருமுறை தட்டிக்கொடுத்தாள்.