பெல்ட்டில் இரண்டு வெட்டு

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை கொட்டகையைத் திறந்து கல் தூக்கும் நைலான் பெல்ட்டைக் கையில் எடுத்தேன். அதில் இரண்டு இடத்தில் வெட்டு இருந்தது. இரண்டும் பாதி அகலத்துக்கு ஓடியிருந்தன.

எங்கள் வீட்டார் மூன்று தலைமுறையாகக் கல் தூக்குகிறவர்கள். எங்கள் கையிலிருந்து கல் நழுவியதாகக் கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் எவனும் சொன்னதில்லை. அன்று முற்றத்தில் கிடந்த கோயில் தூணை லாரியில் ஏற்றி வடக்கனந்தலில் நிறுத்துவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். இரும்பு வடம் சிற்பத்தைக் கீறிவிடும் என்றுதான் அந்தப் பெல்ட்டை வாங்கினோம். வெட்டைக் கவனிக்காமல் தூக்கியிருந்தால் தூண் ஆள்மேல் விழுந்திருக்கும்.

பெல்ட்டுக்குப் பொறுப்பு எங்கள் வேலையாள் கண்ணாயிரம். இடஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியலில் அவன் தம்பி பாவாடை போலீசிடம் அடி வாங்கியிருந்தான். சின்னசேலம் சாலையில் மறியல்காரர்கள் வெட்டிப் போட்டிருந்த புளியமரங்களை அகற்ற என் மகன் ஜெயப்பிரகாஷ் பாரம் தூக்கும் எங்கள் செயின் பிளாக்கைப் போலீசுக்குக் கொடுத்தான். அன்றிலிருந்து கண்ணாயிரம் எங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"மரம் வெட்டின கை பெல்ட்டயும் வெட்டிடிச்சாடா?" என்று ஆட்கள் எல்லார் முன்னிலையிலும் கேட்டேன்.

"இன்னாங்க பேசறீங்க? நான் வெட்டணும்னா இப்பிடி ஊருக்கே தெரியற மாதிரியா வெட்டுவேன்?"

"எகத்தாளமா?"

"வேலய வுட்டுப் போன்னு சொல்லுங்க, போறேன். வெட்டினவன்ற பேர மட்டும் தூக்கிகினு போவ மாட்டேன்."

ஜெயப்பிரகாஷ் குறுக்கே வந்தான். "ஸ்டேஷன்ல சொல்லிடலாம் நைனா. மறியல் கேசுலயே இவனயும் சேத்துடுவாங்க."

கண்ணாயிரத்தின் முகம் வெளுத்தது. நான் மகனைப் பார்த்தேன். ஒரு பெல்ட்டுக்காக ஒருவனை ஜெயிலுக்கு அனுப்ப அவனுக்கு ஏன் இத்தனை அவசரம்?

கொட்டகைக்குள் திரும்பிப் போனேன். பூஜையில் வைத்த சாமான்களை மறுநாள் காலை வரை யாரும் தொடுவதில்லை. அரிவாள், கடப்பாரை, செயின் பிளாக், எல்லாவற்றிலும் பொட்டு வைத்திருந்தோம். கல்லின் கூர்முனை பெல்ட்டை அறுக்காமல் இருக்க, தூக்கும்போது இடையில் டயர் துண்டுகளைக் கொடுப்போம். அந்தத் துண்டுகளின் மேல் நான் குவித்து வைத்த பொரி அப்படியே இருந்தது. செயின் பிளாக்கின் பொட்டும் பெல்ட்டின் பொட்டும் மட்டும் இழுபட்டுக் கலைந்திருந்தன.

பூட்டு உடையவில்லை. சாவி தொங்கியது எங்கள் வீட்டுக்குள்.

பெல்ட்டைக் கொண்டுபோய்த் தூணின் மேல் போட்டேன். இரண்டு வெட்டும் தூணின் இரண்டு விளிம்புகளில் சரியாக உட்கார்ந்தன. விளிம்பில் பெல்ட்டின் நீல நூல் ஒன்று ஒட்டியிருந்தது.

"நேத்து தூக்கிப் பாத்தியா?" என்று மகனைக் கேட்டேன்.

அவன் என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனான். "கண்ணாயிரம் இல்லாமலே தூக்க முடியுதான்னு பாத்தேன் நைனா. ஒரு சாண்தான் ஏத்தினேன்."

"டயர் துண்டு?"

"அதும் மேல பொரி வச்சிருந்தீங்க. கலைச்சா கண்டுபுடிச்சிடுவீங்கன்னு எடுக்கல. மெதுவா பேசுங்க, நம்ம வூட்டு மானம் போயிடும்."

வீட்டு மானம் என்பதை அவன் எனக்குச் சொல்லிக்கொடுத்தான்.

பொட்டு வைத்த அரிவாளை எடுத்து வந்தேன். அந்தப் பெல்ட்டை எவனும் தைத்து மறுபடி கல்லில் கட்டிவிடக் கூடாது. முற்றத்தின் நடுவில் மரக்கட்டைமேல் வைத்து, எல்லாரும் பார்க்கத் துண்டு துண்டாக வெட்டினேன்.

"பெல்ட்ட அறுத்தது என் மவன். பூஜைல வச்ச பொருளத் திருட்டுத்தனமா எடுத்து, டயர் கொடுக்காம கல்லு தூக்கினான். கண்ணாயிரத்த நான் சொன்னது தப்பு."

ஜெயப்பிரகாஷ் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குள் போய்விட்டான்.

கண்ணாயிரம் கேட்டான். "அப்ப தூணு?"

"புதுப் பெல்ட் வர்ற வரிக்கும் கெடக்கட்டும்."

"எடுத்துக் குடுக்க நான் இருக்கணுமா, போவணுமா?"

"இரு" என்றேன். அவன் பொரியைத் தட்டிவிட்டு டயர் துண்டுகளை வெயிலில் எடுத்து வைத்தான்.

வாக்குத் தவறிய சேதியைச் சொல்ல வடக்கனந்தலுக்கு நானே பஸ் ஏறினேன். புறப்படுமுன் கொட்டகையைப் பூட்டினேன். சாவியை வீட்டில் மாட்டவில்லை, என் இடுப்பில் செருகிக்கொண்டேன்.