வளைக்குள் போட்ட மாத்திரை

தையல்காரி கொல்லைக் கதவைத் திறந்தாள். கல்லும் மண்ணும் போட்டு அவள் அடைத்திருந்த ஓட்டை மறுபடியும் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. சுவரோரம் கூடைகூடையாக மண். முழங்கை வரை உள்ளே போகும் போலிருந்த அந்தப் பொந்துக்குள் ஏதோ பிறாண்டும் சத்தம் கேட்டது.

பெருச்சாளி. கொஞ்ச நாளாக அதுதான் அவள் நிம்மதியைக் கெடுத்துக்கொண்டிருந்தது. தைக்க வந்த துணியைக் குதறிப் போட்டது. தரை ஓரிடத்தில் கால் வைத்தாலே உள்வாங்கியது. வளை இருந்தால் பாம்பு வந்து குடியேறும் என்று யாரோ சொல்லிவிட்டுப் போனதிலிருந்து, தையல் மிஷினில் கால் வைப்பதற்கு முன் குனிந்து பார்ப்பதே அவளுக்கு வழக்கமாகிவிட்டது.

அவள் வீடும் பக்கத்து வீடும் முன்பு ஒரே வீடுதான். நடுவில் சுவர் எழுப்பி அண்ணனும் தம்பியும் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இவள் தம்பி மனைவி. அந்தப் பக்கம் மூத்த ஓரகத்தி. பின்சந்தில் குப்பை கொட்டுவது யார் என்று ஆரம்பித்த சண்டை முற்றி, இருவருக்கும் பேச்சுவார்த்தையே நின்றுபோயிருந்தது. உண்மையில் இரண்டு பேருமே கொட்டினார்கள்.

அன்று காலை கடைக்குப் போய்ப் பெருச்சாளியைக் கொல்லும் விஷ மாத்திரை வாங்கினாள்.

"வீட்டுக்குள்ள வச்சிடாதீங்கம்மா. இதுலேர்ந்து விஷப்புகை வரும்" என்றார் கடைக்காரர்.

"வெளியிலதாங்க வைக்கப்போறேன்" என்றாள்.

மாத்திரைகளைப் பொந்துக்குள் உருட்டிவிட்டு, ஈரமண்ணை அப்பி அடைத்தாள். ஒழிந்தது சனியன் என்று கையைக் கழுவிக்கொண்டு மிஷினில் உட்கார்ந்தாள்.

மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கம் ஓரகத்தி வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது. 'கண்டதைத் தின்றிருப்பாள்' என்று நினைத்துக்கொண்டு தைப்பதைத் தொடர்ந்தாள். சற்று நேரத்தில் ஓரகத்தியின் கணவர் அலறினார்: "ஏய், என்ன ஆச்சு? கண்ணைத் திற! கண்ணைத் திற!"

ஆட்டோ வந்தது. ஓரகத்தியைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கிளினிக்குக்குப் போனார்கள். வாசலில் நின்ற தையல்காரியின் மூக்கில், திறந்து கிடந்த பக்கத்து வீட்டிலிருந்து ஒரு நாற்றம் ஏறியது. அழுகிய மீனையும் பூண்டையும் சேர்த்து அரைத்தது போன்ற நாற்றம். மாத்திரை டப்பாவைத் திறந்தபோது வந்த அதே நாற்றம்.



சாப்பிட வந்த கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வெல்டிங் பட்டறைக்காரனான அவன் குரலைத் தாழ்த்தினான்.

"யார்கிட்டயும் மூச்சு விடாத. உங்க ரெண்டு பேருக்கும் ஆகாதுன்னு தெருவுக்கே தெரியும். வேணும்னே வச்சேன்னுதான் சொல்லுவாங்க. போலீஸ் வரும்."

"அக்காவுக்கு ஏதாவது ஆயிட்டா?"

"டாக்டர் பாத்துக்குவாங்க. நீ சும்மா இரு."

அவள் சும்மா இருந்தாள். தெருவில் எந்த வண்டி போனாலும் தன்னைப் பிடிக்கத்தான் வருகிறார்கள் என்று எட்டி எட்டிப் பார்த்தாள்.

ஆட்டோ திரும்பி வந்தது. மூத்தவர் மனைவியைத் தாங்கிப் பிடித்து இறக்கினார். "சாப்பாடு ஒத்துக்கலையாம். ஊசி போட்டாச்சு. உள்ரூம்ல படுக்க வச்சிடுறேன், நல்லா தூங்கட்டும்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே படியேறினார்.

உள்ரூம். அந்த வளை இருந்த சுவரை ஒட்டிய அறை.

கணவன் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தான். அவள் உதறிக்கொண்டு ஓடினாள்.

"அத்தான், உள்ள போகாதீங்க! அந்த ரூம்ல விஷம் இருக்கு! பெருச்சாளி வளையில நான் மாத்திரை வச்சேன். அந்தப் புகைதான் அக்காவை அடிச்சிருக்கு. நீங்களும் போகாதீங்க!"

மூத்தவர் அவளைப் பார்த்த பார்வையில் அவள் பாதி செத்துவிட்டாள். ஆனால் அவர் நின்றுவிட்டார். அதே ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். என்ன விஷம் என்று தெரிந்ததால் உடனே தீவிர சிகிச்சையில் சேர்த்துக்கொண்டார்கள். "மறுபடியும் அந்த ரூம்ல படுக்க வச்சிருந்தீங்கன்னா பிழைச்சிருக்க மாட்டாங்க" என்றார் டாக்டர்.

ஓரகத்தி பிழைத்தாள். பேச முடிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "என்னைக் கொல்லவா பாத்தே?"

"ஐயோ, இல்லக்கா. வளை உங்க ரூமுக்கு அடியில போகும்னு நான் நினைக்கல."

"நினைக்கலையா, நினைச்சுப் பாக்கவே இல்லையா?"

தையல்காரி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பிறகு அண்ணனும் தம்பியும் சேர்ந்து தரையைத் தோண்டினார்கள். வளை சுவரைத் தாண்டி, ஓரகத்தியின் கட்டிலுக்கு நேர் கீழே வந்து முடிந்திருந்தது. உடைகல்லும் சிமெண்டும் போட்டு இறுக்கினார்கள். பின்சந்தைச் சுத்தம் செய்து, மூடிபோட்ட தொட்டி வைத்தார்கள். தீனி கிடைக்காத பெருச்சாளிகள் தாமாகவே இடத்தைக் காலி செய்தன. ஓரகத்தி இப்போது பேசுகிறாள். ஆனால் அந்த அறையில் மட்டும் படுப்பதில்லை.

ஒருநாள் ரவிக்கை தைக்க வந்த எதிர்வீட்டுக்காரி, "எங்க கொல்லையிலயும் தோண்டித் தள்ளுது. உங்கிட்ட அந்த மாத்திரை மிச்சம் இருந்தா குடேன். நான் பாத்து வச்சுக்கறேன்" என்றாள்.

தையல்காரி மிஷினை நிறுத்தினாள்.

"நானும் பாத்துத்தாங்க வச்சேன். ஆனா மண்ணுக்கு மேல மட்டும்தான் பாத்தேன். நம்ம வீடு, அடுத்த வீடுன்னு விஷத்துக்குத் தெரியுமா? முதல்ல கொல்லையில குப்பை கொட்டுறதை நிறுத்துங்க, ஓட்டையைக் கல்லு வச்சுப் பூசுங்க. அப்பவும் போகலைன்னா, அந்த வேலை தெரிஞ்ச ஆளைக் கூப்பிடுங்க. மனுஷங்க படுத்துத் தூங்குற இடத்துல அதை மட்டும் வைக்காதீங்க. பெருச்சாளி தரையைத்தான் தோண்டுச்சு. நான் எங்க அக்காவுக்குக் குழியே தோண்டப் பாத்தேன்."