குழாயில் வெள்ளைக் கசடு

பிப்ரவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியம், ஹாயோ கணினியில் உருளைக்கிழங்கு வயலை உழுதுகொண்டிருந்தபோது திரை சட்டென்று இருண்டது.

ஹாயோ பெயின்டர். வாரம் முழுக்க லேர் நகரத்தில் பிறத்தியார் வீட்டுச் சுவர்களுக்குச் சாயம் அடித்துவிட்டு, விடுமுறையில் உட்கார்ந்து, இல்லாத பண்ணையில் இல்லாத டிராக்டரை ஓட்டுவான். "அஞ்சு நாள் ஊரான் வீட்டுச் சுவரு, ரெண்டு நாள் ஊரான் வயலு. நம்ம கழிப்பறைக் கதவுக்கு எந்த ஜென்மத்துல பெயின்ட் அடிக்கப்போற?" என்று அவன் மனைவி கேசா கேட்பாள்.

"கேசா, மெஷின் படுத்துருச்சு" என்று அவன் குரல் கொடுத்தான்.

"நீ என்ன பண்ணின?"

"ஒண்ணுமில்ல, உழுதேன்."

"அப்ப மாடு படுத்திருக்கும். தட்டி எழுப்பு."

அவள் தேநீர்க் கோப்பையோடு வந்தாள். அந்த ஊர் வழக்கப்படி கோப்பைக்குள் போட்ட கற்கண்டு சூட்டில் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது.

கணினி அவளுடையது. ஒவ்வொரு திருகையும் அவளே முடுக்கிக் கட்டியது. விசிறிக்குப் பதில் தண்ணீரால் குளிர்விக்கும் வகை. சூடாகும் சிப்பின் மேல் ஒரு தாமிரக் கட்டி உட்கார்ந்திருக்கும். அதனுள் ஓடும் தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு, கண்ணாடிபோன்ற குழாய்களின் வழியே இரண்டு ரேடியேட்டர்களுக்குப் போய், ஆறித் திரும்பி வரும். இப்படிக் கணினி கட்டுகிறவர்கள் கூடிப் பேசும் ஒரு இணைய மன்றத்தில் கேசாவுக்குப் பதினாலு வருடப் பழக்கம். அங்கே அவளுக்குத் 'துரு டாக்டர்' என்று பெயர். நகரத்தின் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள் என்பதால் தண்ணீர் எதை எப்படித் தின்னும் என்பது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் அவள் முதலில் எழுதுவது ஒன்றுதான்: தாமிரம் இருக்கும் தண்ணீரில் அலுமினியத்தைச் சேர்க்காதே. சேர்த்தால் அலுமினியம் அரித்துக் கரையும், அந்தக் கசடு எல்லா வழியையும் அடைக்கும்.

ஹாயோ குழாயைச் சுட்டிக் காட்டினான். உள்ளே தண்ணீர், அரிசி கழுவின தண்ணீர் மாதிரி கலங்கியிருந்தது. வெள்ளைத் துணுக்குகள் மிதந்தன.

கேசா வெகுநேரம் பார்த்தாள். "அக்டோபர்லதான் தண்ணி மாத்தினேன்" என்றாள்.

"அப்ப இது என்ன வெள்ளையா?"

"வெளிச்சம் அப்படிக் காட்டுது."

வெள்ளையில் பதினெட்டு வகை பிரித்துச் சொல்லிப் பிழைப்பவனிடம் அவள் அப்படிச் சொன்னாள். நாளைக்குப் பிரித்துப் பார்க்கிறேன் என்றாள். மறுநாளும் நாளைக்கு என்றாள். இன்னொரு முறை கேட்டதற்கு, "என் மெஷின். எனக்குத் தெரியும். நீ உன் வாளியைப் பாரு" என்று சீறினாள். முன்பெல்லாம் குழாயில் ஒரு குமிழி நின்றால்கூடச் சாப்பாட்டை விட்டு எழுந்து போகிறவள் அவள்.

மூன்றாம் வாரம், கேசா எம்டனில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போன நாளில், ஹாயோ லூடரை வரவழைத்தான். லூடர் ஓல்டன்பர்க்கில் ஒரு மருத்துவமனையின் கொதிகலனைப் பார்த்துக்கொள்பவன். மன்றத்தை நடத்துகிறவர்களில் ஒருவன். கேசாவின் பழைய சிநேகிதன். கதவு நிறையும் உடம்பு, பூனைபோல் மெதுவான விரல்கள்.

"அவகிட்டக் கேட்டியா?" என்றான் லூடர், சட்டைக் கையை மடித்துக்கொண்டே.

"கேட்டா கத்துறா."

லூடர் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்காதது ஹாயோவுக்கு உறுத்தியது.

சமையலறை மேசையில் செய்தித்தாள் விரித்தார்கள். தண்ணீரை வாளியில் வடித்தார்கள். தாமிரக் கட்டியின் மூடியைத் திறந்தபோது, உள்ளே சீப்புப் பல்லைவிட நெருக்கமாக இருந்த மெல்லிய வரிகள் முழுக்க வெள்ளைக் கூழ் இறுகிக் கிடந்தது. லூடர் பல்குத்தும் குச்சியால் ஒரு வரியைச் சுரண்டினான். முதல் ரேடியேட்டரைக் கழற்றி வைத்தான். இரண்டாவதைக் கையில் எடுத்தவன் அப்படியே நின்றான்.

"இந்தா, புடி."

"லேசா இருக்கே."

"அலுமினியம். வெளிய கறுப்புப் பூச்சு, அதான் தெரியல."

"வித்தவன் ஏமாத்திட்டான்" என்றான் ஹாயோ. "தாமிரம்னு சொல்லித் தலையில கட்டிட்டான்!"

அவள் எந்தப் பெட்டியையும் எறியமாட்டாள். மாடிப்படிக்குக் கீழே இருந்த அலமாரியில் தேடினார்கள். அட்டைப்பெட்டி கிடைத்தது. பக்கவாட்டில், கட்டை விரல் உயரத்துக்கு, அலுமினியம் என்று அச்சடித்திருந்தது. மூலையில் கேசாவின் கையெழுத்தில், வந்த தேதி: போன செப்டம்பர்.

பெட்டிக்குப் பின்னால் குளிர்திரவப் புட்டிகள் நான்கு இருந்தன. நான்கும் வேறு வேறு வகை, நான்கும் பாதி காலி. ஒரு வகையோடு இன்னொன்றைக் கலந்தால் துருவைத் தடுக்கும் மருந்து முறிந்துவிடும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் அவள். அவற்றின்மேல் அவளுடைய குறிப்பேடு. ஹாயோ பிரித்தான். அக்டோபர் மூன்று, தண்ணீர் மாற்றியாயிற்று. அக்டோபர் நான்கு, தண்ணீர் மாற்றியாயிற்று. ஏழு. எட்டு. ஒவ்வொன்றுக்கும் அடியில் அளவுகோல் வைத்து நேராகக் கோடு போட்டிருந்தாள்.

லூடர் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான்.

"ஹாயோ, உன்கிட்டச் சொல்லியிருக்கணும். ஒரு வருஷமா மன்றத்துல அவ பதில் சரியா வரல. ஒரே ஆளுக்குக் காலையில ஒண்ணு சொல்வா, சாயங்காலம் நேர்மாறா சொல்வா. நாங்க ரெண்டு மூணு பேரு கவனிச்சு, தப்பானதச் சத்தமில்லாம அழிச்சிட்டிருந்தோம்."

"ஒரு வருஷமாவா?"

"அவ பேரு கெட்டுரக் கூடாதுன்னுதான்ப்பா."

"பேரக் காப்பாத்தினீங்க" என்றான் ஹாயோ. "சரி. அவள?"

ஆனால் அதற்குமேல் கோபப்பட அவனுக்கும் வாயில்லை. நவம்பரில் ஒரு நாள் கேசா வேலை முடிந்து வரும்போது, ஆற்றுப் பாலத்தின் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று போனில் கேட்டாள். மூடுபனியில் ஒன்றும் தெரியவில்லை என்றாள். அன்றைக்கு வானம் பளிச்சென்று இருந்தது. ஆமாம், இங்கேயும் பனிதான் என்று அவன் சொன்னான். சொல்லிவிட்டு அதை மறந்துபோக முயற்சி செய்தான்.

வாசலில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. தங்கைக்குத் தலைவலி என்று கேசா சீக்கிரமே வந்துவிட்டாள்.

"மொயின், லூடர்! நீ எங்க இங்க?" என்று அந்த ஊர் வணக்கத்தோடு நுழைந்தவள் மேசையைப் பார்த்தாள். அங்கியைக்கூடக் கழற்றாமல் வந்து இரண்டாவது ரேடியேட்டரைத் தூக்கினாள். தூக்கிய கணமே அவள் கைக்குத் தெரிந்துவிட்டது.

"இது அலுமினியம். எந்த முட்டாள் இத என் மெஷின்ல மாட்டினான்?"

ஹாயோ லூடரை முந்திக்கொண்டான்.

"நான்தான்" என்றான் ஹாயோ. "உனக்கு ஆச்சரியமா இருக்கட்டுமேன்னு..."

"ஆச்சரியமா! அதுசரி. பத்து வருஷமா என் பக்கத்துல படுத்துக்கிட்டு இதுகூடத் தெரியலையே உனக்கு. நாளைக்குப் பெயின்ட்ல உப்பைப் போட்டுக் கலக்கப்போற பாரு." திட்டிக்கொண்டே அங்கியைக் கழற்றிப் போட்டாள். கையுறை மாட்டினாள். "லூடர், அந்தத் தாமிரத்த இங்க தள்ளு. நிக்கல் பூசினதுல புளிப்பு படக்கூடாது, அதத் தனியா வை. பூச்சு இல்லாதது மட்டும் எலுமிச்சை உப்புத் தண்ணியில. பத்தே நிமிஷம். கடிகாரத்தப் பாரு."

ஹாயோ பெட்டியைக் காலால் மேசைக்கடியில் தள்ளினான்.

அவள் பழைய கேசாவாக இருந்தாள். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் வரிகளின் போக்கிலேயே தேய்த்தாள், குறுக்கே ஒருமுறைகூட இழுக்கவில்லை. நல்ல ரேடியேட்டரில் சூடான வாலைவடிநீரை ஊற்றிக் குலுக்கச் சொன்னாள். ஊற்றின தண்ணீரை வெள்ளைக் கிண்ணத்தில் வடித்து, துணுக்கு தெரிகிறதா என்று மூக்கு படும்படி குனிந்து பார்த்தாள். பதினோராவது தடவைதான் சரி என்றாள். குழாய் எல்லாம் புதுசு, பம்பைப் பிரித்துக் கழுவு, அரைகுறையாக விட்டால் மிச்சக் கசடு நாளைக்கு மறுபடி அதே வரியில் போய் உட்காரும் என்றாள். ஒரு சின்ன ரப்பர் வளையம் உருண்டு கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவள், சற்று நேரம் நிமிரவில்லை.

நிமிர்ந்தபோது அவள் கையில் பெட்டி இருந்தது.

"இது என் எழுத்து" என்றாள்.

அவள் குறிப்பேட்டையும் கண்டுகொண்டாள். அலமாரிக்குள் வைக்க மறந்து ஜன்னலோரம் விட்டிருந்தார்கள். நான்கு வரிகளையும் விரல் வைத்துப் படித்தாள்.

"எப்பலேருந்து, ஹாயோ?"

"தெரியல."

"நீ பெயின்டர். ஈரம் ஏறின சுவரு உனக்குப் பார்த்தாலே தெரியும். அதுக்கு மேல பூசிட்டுப் போவியா?"

"பூசிட்டேன்" என்றான் அவன்.

அவள் அழவில்லை. அழுதது லூடர்தான், அந்தப் பெரிய உடம்பு குலுங்க, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதான். கேசா வளையத்தைத் துடைத்துப் பள்ளத்தில் பொருத்தினாள். "முதல்ல இத முடிப்போம். இது இன்னிக்கு எனக்குத் தெரியுது" என்றாள்.

ஒரே வகைக் குளிர்திரவத்தை நிரப்பினார்கள். மூட்டுகளுக்கு அடியில் மெல்லிய தாள்களை வைத்து, பம்பை மட்டும் ஓட்டிப் பார்த்தார்கள். தாள் எதுவும் நனையவில்லை.

ஏப்ரலில் மருத்துவர் சொன்னார். மறதி நோய், ஐம்பத்தாறு வயதுக்கு வந்திருக்கக் கூடாது, ஆனால் வருவதுண்டு. கேசா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எந்தத் தேதியிலேருந்து என் புத்திய நம்பக் கூடாது?"

"தேதி சொல்ல முடியாதுங்க. ஒரு ரெண்டு வருஷமா இருக்கலாம்" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்ததும் லூடரைப் போனில் கூப்பிட்டாள். மன்றத்தில் அழித்ததை அவன் அன்று அழுதபோதே அவளிடம் ஒப்புக்கொண்டிருந்தான். "நீங்க அழிச்சதையெல்லாம் திருப்பிப் போடு. ஒவ்வொண்ணு மேலயும் தப்புன்னு எழுது. நீ அழிக்கிறதுக்கு முன்னாடியே யாராவது படிச்சு அப்படியே செஞ்சிருந்தா? அவங்க மெஷின் என்ன ஆகியிருக்கும்?"

லூடர் எவ்வளவோ மன்றாடினான். அவள் கேட்கவில்லை. பிறகு தானே உட்கார்ந்து மன்றத்தில் எழுதினாள். நான்கு வரி எழுத ஒரு மதியம் ஆயிற்று.

'எனக்கு மறதி நோய். கடந்த இரண்டு வருடங்களில் நான் சொன்ன எதையும் லூடர் சரிபார்க்காமல் நம்ப வேண்டாம். அதற்கு முந்தியது எனக்குத் தெரிந்தவரை சரி. என்னால் யாருடைய பொருளாவது கெட்டிருந்தால் எழுதுங்கள்.'

ஆறுதல் சொல்லி நூற்றுக்கணக்கானவர்கள் எழுதினார்கள். கெட்டது என்று எழுதியவன் ஒருவன்தான், குரோனிங்கன் நகரத்து மாணவன். அவள் சொன்னபடி இரண்டு திரவங்களைக் கலந்ததில் அவன் பம்பு பசைபிடித்து நின்றுபோயிருந்தது. பரவாயில்லை என்றும் எழுதியிருந்தான். கேசா தன் உபரிப் பம்பைத் துணியில் சுற்றி, தாளில் சுற்றி, மறுபடி துணியில் சுற்றி அனுப்பினாள். முகவரியை ஹாயோவை இரண்டு முறை சத்தமாகப் படிக்கச் சொல்லிச் சரிபார்த்தாள். பரிசோதனைக் கூட வேலையையும் அந்த மாதமே விட்டாள்.

அடுத்த அக்டோபரில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, ஹாயோ தண்ணீர் மாற்றினான். அதற்கடுத்த அக்டோபரில் அவள் உட்கார்ந்திருந்தாள், சொல்லவில்லை. மூன்றாம் வருடம், கணினி ஓடும்போது கேட்கும் சலசலப்பு அவளுக்குப் பயமாகிவிட்டது. வீட்டில் எங்கோ தண்ணீர் ஒழுகுகிறது, வெள்ளம் வரப்போகிறது என்று எழுந்து எழுந்து நடந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஹாயோ எல்லாத் தண்ணீரையும் வடித்தான். தெளிவாகத்தான் இருந்தது, ஒரு துணுக்கு இல்லை. குழாய்களையும் பம்பையும் கழற்றி லூடருக்குக் கொடுத்துவிட்டு, கடையில் கிடைக்கும் சாதாரண விசிறியை மாட்டினான்.

அதன்பிறகும் பல வாரங்கள் அவள் தேநீரை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள்.

"குழாயத் திறந்து விட்டிருக்கீங்க. மூடுங்க."

ஹாயோ ஒவ்வொரு முறையும் எழுந்து சமையலறைக்குப் போவான். மூடியிருக்கும் குழாயை இன்னொரு முறை இறுக்கிவிட்டு, ஈரமில்லாத கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு திரும்பி வருவான்.

"மூடிட்டேன்."

"ரொம்ப நன்றிங்க" என்பாள் அவள், வீட்டுக்கு வந்துபோகும் ஒருவரிடம் சொல்வதைப்போல.