கவர் பிரிக்காத இன்வெர்ட்டர்

நைனார்பாளையம் தீனதயாளன் தான் வாங்கிய எதற்கும் கவர் பிரித்ததாகச் சரித்திரம் இல்லை. அவர் வீட்டு டிவி ரிமோட் பன்னிரண்டு வருஷமாக பாலிதீனுக்குள்ளேதான் குடித்தனம் நடத்துகிறது. சோபாவில் உட்கார்ந்தால் சறுக்கும். வெயில் காலத்தில் எழுந்தால் பாதித் தோல் அங்கேயே தங்கிவிடும். கேட்டால், "புதுசு புதுசாவே இருக்கணும்ப்பா. பிரிச்சிட்டா அப்புறம் பழசுதானே" என்பார்.

அப்படிப்பட்டவர் தன் பழைய மினி லாரியின் முதுகில் ஒரு அறை கட்டினார். வெள்ளைக்காரன் ஒருவன் லாரிக்குள்ளேயே சமைத்துத் தூங்கி ஊர் ஊராகப் போவதை செல்போனில் பார்த்ததால் வந்த வினை. கட்டில், அலமாரி, பாத்திரம் கழுவத் தொட்டி எல்லாம் வந்தன. பின்பக்கம் கொட்டை எழுத்தில் 'மலை மாளிகை' என்றும் எழுதியாயிற்று. கரண்ட் மட்டும்தான் பாக்கி. அதற்குத்தான் வயர்மேன் லாரன்ஸைக் கூப்பிட்டார்.

லாரன்ஸுக்கு இது சில்லறை வேலை. ஆனால் தீனதயாளன் ஊர் எல்லையில் கல்யாண மண்டபம் ஒன்றும் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை சம்பந்தியை வெள்ளிமலைக்கு இட்டுக்கினு போறேன். அன்னைக்கு எல்லாம் ஒழுங்கா ஓடிச்சுன்னா மண்டப வயரிங் உனக்கு. மானம் போச்சுன்னா, டார்ச் லைட்டுக்கு பேட்டரி மாத்தக்கூட உன்னைக் கூப்புட மாட்டேன்."

மண்டபத்துக்கு அஸ்திவாரம் போட்ட நாளிலிருந்தே லாரன்ஸுக்கு அதன்மேல் ஒரு கண். அதனால் வேலையைப் பதறாமல் பார்த்தான். பேட்டரியைக் கட்டிலுக்கு அடியில் இறுக்கிக் கட்டினான். தடிமனான வயர் இழுத்து, ஃப்யூஸ் வைத்து, இன்வெர்ட்டரை அலமாரிக்குள் மாட்டினான். பிறகு கவரைப் பிரிக்கக் கத்தியை எடுத்தான்.

"இன்னா பண்றே?"

"கவரை எடுக்கறேங்க ஐயா. உள்ள ஃபேன் கீதுங்க. மூச்சு விடணும்."

"மூச்சு விட அதுக்கு இன்னா மூக்கா கீது? வயர் போற எடத்துல மட்டும் கீறிக்கோ. மிச்சத்துல கை வெக்காதே."

"சூடு ஏறுங்க."

"மலையில குளுரு. அங்க எங்கேர்ந்து சூடு ஏறும்?"

தீனதயாளனின் மனைவி மணிமொழி உள்ளே எட்டிப் பார்த்தாள். "விடுப்பா லாரன்சு. இருவத்தெட்டு வருசமா நாங்க சோபாவுல சறுக்கிக்கினுதான் கீறோம். இதுக்கு மட்டும் இன்னா தனி நாயம்?"

கீறிய இடத்தைச் சுற்றி தீனதயாளனே டேப் ஒட்டினார், எறும்புகூட நுழையாதபடி.

ஞாயிறு காலை மலை மாளிகை ஒவ்வொரு வளைவிலும் முக்கி முனகி வெள்ளிமலை ஏறியது. துணைக்கு லாரன்ஸும் போனான். பின்னாலேயே காரில் வந்த சம்பந்தி தங்கதுரை, இறங்கி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"நல்லாத்தான் கீது. எங்க மச்சான் ஒண்ணு வெச்சிருக்காரு. இதைவிட நீளம் ஜாஸ்தி."

"நீளத்துல இன்னா சம்பந்தி கீது? உள்ள வாங்க. கரண்ட் அடுப்புல சுடச்சுடத் தோசை."

முதல் தோசை பொன்னாக வந்தது. இரண்டாவதும் பழுதில்லை. மூன்றாவதை மணிமொழி ஊற்றும்போது அலமாரிக்குள்ளிருந்து கீ கீ என்று சத்தம் கேட்டது.

"இன்னா சத்தம் அது?"

"வரவேற்பு மணிங்க. விருந்தாளி வந்தா அடிக்கும்," என்றார் தீனதயாளன்.

"நான் வந்து அரை மணி ஆவுதே."

மணி நின்றது. அடுப்பும் நின்றது. தோசைக்கல்லில் மாவு வெள்ளை வெளேரென்று கிடந்தது. தங்கதுரையின் முகத்தில் அன்றைக்கு முதல் முறையாக மகிழ்ச்சி தெரிந்தது.

"பரவால்ல சம்பந்தி. நாலு சுள்ளி பொறுக்கிக்கினு வந்தா மூட்டிடலாம்."

தீனதயாளன் லாரன்ஸை வண்டிக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். "மண்டபம்..." என்று ஆரம்பித்து அதோடு நிறுத்தினார். அதுவே போதுமானதாக இருந்தது.

"கவரை எடுத்து கொஞ்ச நேரம் ஆறவிட்டா ஓடிடுங்க ஐயா."

"சம்பந்தி எதிர்லயா? நான் ஒட்டினதை நானே கிழிச்சா இன்னா நெனைப்பாரு?"

லாரன்ஸ் யோசித்தான். போர்வெல் போட்டதற்கே ரிப்பன் கட்டித் திறப்பு விழா நடத்தியவர் இந்த மனிதர்.

"கிழிக்க வேணாங்க. திறந்து வெப்போம். சம்பந்தி கையால."

கரண்ட் இல்லாமலே தீனதயாளன் முகம் பல்பு மாதிரி பளிச்சிட்டது.

ஐந்தே நிமிஷத்தில் தட்டில் குங்குமமும் கத்தரிக்கோலும் வந்தன. "உங்க கைதான் மொதல்ல படணும்னுதாங்க இதுவரைக்கும் பிரிக்காம வெச்சிருந்தேன்," என்றார் தீனதயாளன், கண் கலங்கி.

"எனக்கு இந்த ஆடம்பரமெல்லாம் புடிக்காதுங்க," என்றபடி தங்கதுரை மீசையைத் தடவிக்கொண்டு கத்தரிக்கோலை எடுத்தார். போட்டோ சரியாக விழும்வரை ஏழு தடவை வெட்டுவதுபோல் நின்றார். மச்சானுக்கு அனுப்ப வேண்டுமாம். எட்டாவது தடவை வெட்டியதும் குப்பென்று அனல் அவர் முகத்தில் அடித்தது.

"இன்னா இப்பிடிக் கொதிக்குது?"

"பவருங்க," என்றான் லாரன்ஸ். "ஐயா இப்ப ரெண்டு வார்த்தை பேசினா நல்லாருக்கும்."

ஐயாவிடம் இரண்டு வார்த்தை என்பது கிடையாது. சக்கரம் கண்டுபிடித்த கதையில் கிளம்பி மகளின் ஜாதகத்துக்கு வந்து சேர இருபத்திரண்டு நிமிஷம் ஆனது. தங்கதுரையின் ஏற்புரை ஒரு கால் மணி. மணிமொழி கொட்டாவி விட்டாள். லாரன்ஸ் மட்டும் இன்வெர்ட்டர்மேல் உள்ளங்கையை வைத்து ஒரு வாக்கியம் விடாமல் கேட்டான். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சூடு கொஞ்சம் கம்மியானது. "நன்றி, வணக்கம்" என்ற சொல்லோடு சுவிட்சைத் தட்டினான்.

அடுப்பு எரிந்தது. தன் பேச்சினால்தான் என்று நினைத்துக்கொண்டார் தங்கதுரை. அந்த உற்சாகத்தில் ஒன்பது தோசை சாப்பிட்டார்.

இறங்கும் வழியில் தீனதயாளன் வெட்டிய கவரை வேட்டி மாதிரி மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மண்டபம் உனக்குத்தான் லாரன்சு."

"ரொம்ப சந்தோஷங்க ஐயா."

"நூத்தியிருவது ஃபேன் வந்து எறங்கி கீது. ஒண்ணுத்துலகூட கவரைத் தொடக்கூடாது. மோட்டாரு, றெக்கை எல்லாம் அப்பிடியே இருக்கணும்."

லாரன்ஸ் ஸ்டியரிங்கை ஒடித்து ஒரு வளைவைத் தாண்டினான்.

"ஐயாவுக்குச் சொந்தக்காரங்க மொத்தம் எத்தினி பேருங்க?"

"இன்னாத்துக்கு?"

"ஆளுக்கு ஒரு ஃபேன் திறந்து வெக்கத்தாங்க."

மணிமொழி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தீனதயாளன் நெற்றியைச் சுருக்கி, விரல் விட்டு எண்ணி முடித்தார்.

"வருவாங்கப்பா. ஆனா ஒவ்வொருத்தரா எல்லாரும் பேசி முடிக்க மூணு நாளு ஆவுமே."